மிச்ச மரத்தில் அடுக்குப் பேனா: முதல்முறை செய்பவருக்கு

கேள்வி இதுதான்: வீட்டில் தச்சு வேலை முடிந்தபின் தேக்கு, வேங்கை, பலாத் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய மிஞ்சியிருக்கின்றன. கையில் ஒரு டிரில்லிங் மெஷின், ரம்பம், இழைப்புளி உண்டு. கடைசல் மெஷின் கிடையாது. இந்தத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, பட்டை பட்டையாக நிறம் தெரிகிற பேனா செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். கடைசல் மெஷின் இல்லாமலேயே முதல் பேனாவைச் செய்துவிடலாம், வழி கீழே சொல்கிறேன். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். அடுக்குப் பேனாவில் மெஷினுக்கு வேலை கடைசியில்தான். அதற்கு முன்பே, பசை போட்டு இறுக்கும் நேரத்திலேயே, பேனா நிற்குமா உடையுமா என்பது முடிவாகிவிடுகிறது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கடைகளில் 'ஸ்லிம்லைன்' என்று விற்கிற பேனா கிட்டில், அதாவது மரம் தவிர மற்ற பாகங்கள் அடங்கிய பொட்டலத்தில், 7 மி.மீ. பித்தளைக் குழாய் இரண்டு வரும். அந்தக் குழாயின் மேல்தான் மரம் உட்காரும். முனைகளில் மரத்தின் வெளிவிட்டம் 8.3 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் உலோக வளையத்தோடு சமமாகச் சேராது. அப்படியென்றால் அங்கே மரத்தின் கனம் முக்கால் மி.மீ.கூட இல்லை. நடுவில் 10 மி.மீ. விட்டு வைத்தாலும் கனம் ஒன்றரை மி.மீ.தான். வழக்கமாக 19 மி.மீ. சதுரக் கட்டையில் தொடங்குவோம், அதில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு தூளாகப் போய்விடும். மிஞ்சுகிற அந்த மெல்லிய ஓட்டில் உங்கள் ஒட்டு எத்தனை அகலத்துக்குப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டையாக இருக்கும்போது இரண்டு கையாலும் முறுக்கினாலும் அசையாத ஒட்டு, ஓடாக மெலிந்ததும் பட்டென்று விடுவது அதனால்தான்.

டிசைனையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் போட வேண்டும். 4 மி.மீ. பட்டை ஐந்தை அடுக்கி ஒட்டினால் ஐந்து நிறமும் தெரியும் என்று தோன்றும். தெரியாது. 10 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்ததும் வெளி அடுக்கு இரண்டும் முழுசாகப் போய்விடும், மூன்றுதான் மிஞ்சும். அந்த மூன்றில் நடுப்பட்டையின் வயிற்றையும் 7 மி.மீ. துளை தின்றுவிடும், இரண்டு பக்கவாட்டில் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். இன்னொன்று, உருளையின் உச்சியை ஒட்டி 1 மி.மீ. கனத்தில் ஒரு அடுக்கு வந்தால் அது 1 மி.மீ. கோடாகத் தெரியாது, ஆறு மி.மீ.க்கு மேல் பரந்து, ஓரம் கோணல்மாணலாகக் காணும். ஆகவே கிராஃப் தாளில் 19 மி.மீ. சதுரம் ஒன்று, அதன் நடுவில் 10 மி.மீ. வட்டம், அதற்குள் 7 மி.மீ. வட்டம் வரைந்து, அடுக்குகளைக் கோடாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்கள். நீளவாக்கில் வேண்டாம், குறுக்கே சாய்வாக ஒரு பட்டை விடலாம் என்றால் அது பேனாவைச் சுற்றி நீள்வட்டமாக ஓடும். முதல் முயற்சிக்கு ஒரே ஒரு சாய்வுப் பட்டை போதும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மரத்துக்கு வருவோம். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியான வெளிறு மெத்தென்று இருக்கும், கடையும்போது நார் பிய்த்துக்கொண்டு வரும், பூச்சியும் அடிக்கும். பச்சை மரம் வேண்டவே வேண்டாம். பழைய சன்னல், நிலைக்கதவு, கட்டில் கால் போன்றவற்றில் கிடைக்கும் மரம் பல வருஷம் காய்ந்தது, அசையாது. ஆனால் அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே ஆணி முனை உடைந்து கிடக்கும். பழைய பெயின்ட் அடித்த துண்டு என்றால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, தூள் மூச்சில் போகும். பெயின்ட் உள்ள முகத்தை ரம்பத்தால் சீவி எறிந்துவிடுவதே சுலபம்.

நீங்கள் சொன்ன மூன்றில் தேக்கு பார்க்கத்தான் சாது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, பசை பிடிக்காமல் வழுக்கும். புதிதாக இழைத்த முகத்தை, ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைத்து, ஆறியவுடன் ஒட்டிவிட வேண்டும். காலையில் இழைத்து வைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். தேக்கில் மணல்சத்தும் இருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். வேங்கை சாயம் விடுகிற மரம். சர்க்கரை நோய்க்கென்று ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிறார்களே, அந்தக் குவளை இதே வேங்கைதான். பக்கத்தில் வெளிர் மரம் வைத்தால் ஈரப் பசையிலும் தேய்க்கும் தூளிலும் அதன் நிறம் கொஞ்சம் இறங்கும். பலா புதிதில் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு தேன் நிறத்துக்கும் அதற்கப்புறம் பழுப்புக்கும் போய்விடும். தஞ்சாவூர் வீணையின் நிறம் அதுதான், அதுவும் பலாதானே. ஆகவே தேக்கையும் பலாவையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டு வருஷத்தில் வித்தியாசம் மங்கிவிடும். வேங்கையோடு பலாவை வையுங்கள், அல்லது கறுப்புக்கு ஈட்டியையோ பூவரசின் வைரத்தையோ தேடுங்கள். வெள்ளைக்கு வெப்பாலை அருமை. சன்னபட்னா பொம்மை கடைகிறவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது அந்த மரத்தைத்தான், நார் நெருக்கமாக வழவழவென்று வரும். மா மரமும் பரவாயில்லை. யாராவது செம்மரத் துண்டு, சந்தனத் துண்டு என்று கொண்டுவந்து நீட்டினால் ரசீது, அனுமதி இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். ஒரு பேனாவுக்காக வனத்துறையிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பிளைவுட் துண்டைப் பற்றியும் கேட்பார்கள். ஏற்கெனவே அடுக்கித்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதில் ஒன்றுவிட்டு ஒரு அடுக்கில் நார் குறுக்கே ஓடும், அந்த அடுக்குகள் கடைசலில் சொரசொரவென்று பிய்யும். அமெரிக்காவில் உடைந்த ஸ்கேட்போர்டுகளை வெட்டிப் பேனா செய்கிறார்கள், அது ஏழு அடுக்கு மேப்பிள், கெட்டியான மரம், சாயம் தோய்த்த அடுக்குகளும் இருக்கும். நம் ஊர் சாதாரண பிளைவுட் அந்த ரகமல்ல.

பட்டைகளை அறுத்து எடுத்தபின், ஒட்டும் முகங்களை இழைத்துச் சமமாக்குங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பேனா பிளக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கிளாம்ப் போட்டு இறுக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் கடைந்து மெலிந்ததும் அந்த இறுக்கம் பழிவாங்கும். உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவதென்றால் தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிவைத்து, பட்டையை அதன் மேல் ஓட்டுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுபோகும், ஒட்டுக் கோடு தடியாகத் தெரியும்.

பசைக்கு ஃபெவிகால் மாதிரியான சாதாரண மரப்பசை போதும். தேக்கோ ஈட்டியோ இருந்தால் அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எப்பாக்ஸி, அதிலும் மெதுவாக இறுகும் ரகம், மேல். இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். மரப்பசை போட்ட பட்டைகள் கிளாம்ப் இறுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். இதற்குத் தச்சர்களிடம் ஒரு தந்திரம் உண்டு: பசை மேல் நாலைந்து உப்புக்கல்லைத் தூவிவிட்டுச் சேர்த்தால் பட்டை இடம் நகராது. மேலும் கீழும் நேரான சக்கைப் பலகை வைத்து இறுக்குங்கள், பலகையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வெட்டி விரித்த பால் கவர் போதும். ஓரத்தில் பசை வரிசையாக முத்து முத்தாகக் கசிந்து வர வேண்டும். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் அங்கே பசை போகவில்லை அல்லது கிளாம்ப் சாய்ந்திருக்கிறது. ஒழுகி ஓடுகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது, பசை முழுக்க வெளியே வந்து முகம் காய்ந்துபோகும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம் என்று பசை டப்பாவில் போட்டிருக்கலாம், அது நாற்காலிக்குச் சரி, துளை போடப்போகிற கட்டைக்கு அல்ல.

நிறக் கோட்டுக்காக நடுவில் கறுப்புச் சார்ட் தாள் வைத்து ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. வைக்காதீர்கள். கடைசல்காரர்கள் ஒரு கட்டையைக் கடைந்தபின் இரண்டாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றே தாள் வைத்து ஒட்டுவார்கள், உளியை வைத்துத் தட்டினால் தாள் நடுவே கிழிந்து பிரியும். பிரிக்க வேண்டிய இடத்தில் செய்வதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் செய்யக் கூடாது. மெல்லிய கோடு வேண்டுமென்றால் வெனீர், அதாவது தாள் போலச் சீவிய மரத்தகடு, வையுங்கள்.

இப்போது மெஷின் இல்லாத முதல் பேனா. அடுக்குவது என்று முடிவு செய்தபின் துளை போட வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடலாம். பென்சில் தொழிற்சாலையில் யாரும் மரத்தைத் துளைப்பதில்லை, பள்ளம் வெட்டிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே கரிக்கம்பியை வைத்து ஒட்டுகிறார்கள். அதே வேலைதான். சாதாரண பால்பாயின்ட் ரீஃபில் ஒன்றை எடுத்து அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள், ஏறக்குறைய 3 மி.மீ. இருக்கும். அதைவிட அரை மி.மீ. கூடுதல் கனத்தில் பலாவிலோ மா மரத்திலோ நடு அடுக்குக்குப் பட்டை சீவி, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டுக்கும் நடுவில் அதே மூன்றரை மி.மீ. இடைவெளி விட்டு, 4 மி.மீ. கனமுள்ள வேங்கைப் பட்டை மேல் ஒட்டுங்கள். இடைவெளியின் அளவு மாறாமல் இருக்க அதே கனத்தில் ஒரு குச்சியில் மெழுகு தடவி நடுவில் வைத்து, பசை பிடித்ததும் உருவிவிடுங்கள். உள்ளே கசிந்த பசையைச் சீவி எடுத்துவிட்டு மேல் பட்டையை ஒட்டினால், நடுவில் நேரான வழி உள்ள கட்டை தயார். மேல் பட்டை ஒட்டும்போதும் மெழுகு பூசிய கம்பி உள்ளே இருக்கட்டும், பசை இறுகுவதற்குள் ஒரு திருகு திருகி வெளியே இழுத்துவிடுங்கள். மறந்தால் அது பேனாவின் எலும்பாகிவிடும்.

சதுரக் கட்டையை இழைப்புளியால் முதலில் எட்டுப் பட்டையாக்குங்கள், பிறகு பதினாறு, அப்புறம் உப்புத்தாள். எட்டுப் பட்டையோடு நிறுத்திவிட்டாலும் அழகுதான், மேசையில் உருளாது என்ற லாபமும் உண்டு. முனையை மெலித்து, ரீஃபிலின் கூர் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிகிற மாதிரி விடுங்கள். ரீஃபில் தளர்வாக இருந்தால் செலோடேப் ஒரு சுற்று. பின்பக்கத்தை அடைப்பதென்றால் அடைப்பில் ஒரு ஊசித் துளை வையுங்கள், ரீஃபிலுக்குப் பின்னாலிருந்து காற்று போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மை வருவது நின்றுவிடும். இந்தப் பேனாவில் மெலித்த முனையைத் தவிர மரத்தின் கனம் எந்த இடத்திலும் மூன்று மி.மீ. அளவுக்கு நிற்கும், அதனால் ஒட்டு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். கற்றுக்கொள்ள ஏற்றது இதுதான் என்பது என் கருத்து. கிட் பேனா இரண்டாவது.

கிட் வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். ஸ்லிம்லைன் கிட்டில் 'கிராஸ்' கம்பெனி வகை ரீஃபில் போடுவார்கள், அது எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூடுதல். 'சியரா' மாதிரியான கிட்டுகளில் பார்க்கர் வகை ரீஃபில் போகும், தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். பரிசாகக் கொடுக்கப்போகிற பேனா என்றால் இது முக்கியம். சியராவில் இன்னொரு சௌகரியம், ஒரே குழாய். ஸ்லிம்லைனில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி, திருகித்தான் ரீஃபிலை வெளியே கொண்டுவர வேண்டும். நீளவாக்கில் கோடு போட்ட அடுக்கு என்றால், மூடியிருக்கும்போது நேராக இருக்கும் கோடு திருகியதும் விலகிவிடும். திறந்த நிலையில் சேர வேண்டுமா, மூடிய நிலையிலா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதுகிறவர் கண்ணில் படுவது திறந்த நிலை. ஆனால் சியராவுக்கு 27/64 அங்குல டிரில் பிட் வேண்டும், அதாவது 10.7 மி.மீ. பத்தரை இருக்கிறதே என்று சமாளித்தால் குழாய் பாதியில் சிக்கும், பதினொன்று போட்டால் தொளதொளக்கும். ஸ்லிம்லைனின் 7 மி.மீ. பிட் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு.

கட்டையைக் குழாயைவிட 3 மி.மீ. நீளமாக வெட்டுங்கள். இரண்டு பாதி என்றால் வெட்டும் முன் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடும் நடுவில் ஒரு அடையாளமும் போட்டுவிடுங்கள், எது எதோடு சேர வேண்டும் என்று அப்புறம் தேட வேண்டியிருக்காது. டிரில் போடும்போது அடுக்குக் கட்டையில் ஒரு தொல்லை: மெத்தென்ற மரமும் கெட்டி மரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பிட் மெத்தென்ற பக்கம் சாய்ந்து ஓடும். ஸ்டாண்டில் மாட்டிய டிரில் இருந்தால் நல்லது. அழுத்தாமல், ஒரு சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடாகும், சூட்டில் மரப்பசையும் எப்பாக்ஸியும் இளகும், உள்ளே ஒட்டு விட்டது வெளியே தெரியாது. மரம் கருகும் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பித்தளைக் குழாயின் மேல்முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு வாயையும் களிமண்ணாலோ மெழுகாலோ அடைத்து, எப்பாக்ஸி தடவி, சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். ஃபெவிக்விக்கால் ஒட்டலாம், ஆனால் குழாய் பாதி போயிருக்கும்போதே பிடித்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. அடுக்கு மரத்துக்கு எப்பாக்ஸிதான் சரி, ஒட்டுகளில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் உள்ளிருந்து நிரப்பிவிடும். இறுகியபின் இரண்டு முனையையும் குழாய் தெரியும்வரை தேய்த்து, குழாய்க்குச் செங்குத்தாக்க வேண்டும். இதில் கோணல் இருந்தால் பேனா சேருமிடத்தில் ஒரு பக்கம் இடைவெளி தெரியும்.

கடைசலுக்குப் பக்கத்தில் மரக் கடைசல் பட்டறை இருந்தால் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்லிம்லைன் குழாய்க்குள் 6 மி.மீ. திருகுக் கம்பி போகும், கொஞ்சம் ஆடும். டேப் சுற்றி ஆட்டத்தை எடுத்து, இரு பக்கமும் நட் போட்டு, டிரில்லிங் மெஷினில் மாட்டி, மெஷினை மேசையோடு கட்டிவிடுங்கள். கம்பியின் மறுமுனை ஒரு மரக்கட்டையில் போட்ட துளைக்குள் சுழலட்டும். இதில் உளி வைக்கக் கூடாது, ஆபத்து. முன்னதாகவே இழைப்புளியால் எட்டுப் பட்டையாக்கிவிட்டு, ஓடும்போது அரமும் முரட்டு உப்புத்தாளும் மட்டும் பிடியுங்கள். கண்ணாடி, முகமூடி கட்டாயம், ஈட்டி மரத் தூள் பலருக்கு அரிப்பும் தும்மலும் தரும். கையுறை, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் சுழலும் கம்பிக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

கடைசித் தேய்ப்பில் கறுப்பு மரத்தின் தூள் வெள்ளை மரத்தின் நுண்துளைகளில் போய் அடையும், வெள்ளைப் பட்டை சாம்பலாகிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் மோசம். முரட்டுத் தாள் முடிந்ததும் ஊதித் தூளை எடுத்துவிட்டு, செல்லாக்கோ (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) தண்ணீர் மாதிரியான ஃபெவிக்விக்கோ ஒரு கை பூசி நுண்துளைகளை அடைத்துவிடுங்கள். அப்புறம் 240, 400, 600 எண் உப்புத்தாள் என்று போங்கள். ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் சுழற்சியை நிறுத்தி நீளவாக்கில் நாலு இழுப்பு இழுத்தால் வட்டக் கீறல் தெரியாது.

மேல்பூச்சுக்கு செல்லாக்கும் மெழுகும் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் வியர்வையிலும் சானிடைசரிலும் சீக்கிரம் மங்கும். நாள்பட நிற்க வேண்டுமென்றால் ஃபெவிக்விக் வகைப் பசையையே டிஷ்யூ தாளில் தொட்டு மெல்லிய பூச்சாக ஆறேழு தடவை பூசி, நீர்த்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். பஞ்சு, பருத்தித் துணி எடுக்காதீர்கள். அந்தப் பசை பருத்தியில் பட்டால் வேதிவினையில் சூடேறிப் புகையும், விரலைச் சுட்டுவிடும்.

பாகங்களைப் பூட்டும்போது சுத்தியலைத் தொட வேண்டாம், மேசை வைஸின் இரண்டு தாடைகளிலும் மரச் சக்கை வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஸ்லிம்லைனில் முதலில் கீழ்க்குழாயில் கூர்முனை, பிறகு மறுமுனையில் திருகு பாகம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் ரீஃபிலைப் போட்டுத் திருகிப் பாருங்கள். அதிகம் உள்ளே போய்விட்டால் மூடும்போது கூர் உள்ளே ஒதுங்காது, திரும்ப இழுக்கவும் வழியில்லை.

குறுக்கும் நெடுக்கும் பின்னிய முடிச்சு மாதிரி வளையங்கள் உள்ள பேனாக்களைப் பார்த்திருப்பீர்கள். அது இதே சாய்வுப் பட்டைதான்: கட்டையின் நான்கு முகங்களிலும் ஒவ்வொன்றாகச் சாய்வாக அறுத்து, முழுக்கத் துண்டாக்காமல் கொஞ்சம் ஒட்டியபடி விட்டு, ஒவ்வொரு வெட்டிலும் பட்டை செருகி ஒட்டிவிட்டு அடுத்த முகத்துக்குப் போவது. செருகும் பட்டையின் கனம் ரம்பம் தின்ற இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று சேராது. அதை முயலும் முன் உங்கள் ரம்பம் எத்தனை மி.மீ. தின்கிறது என்று ஒரு சக்கைக் கட்டையில் அறுத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.